ஈ.சி.ஜி. காகிதமும் இரண்டாவது காபியும்

இனிமேல் வீட்டில் ஆபீஸ் விஷயம் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். குறிப்பாகக் காகிதத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இந்த ஞானம் போன மாசமே வந்திருந்தால் நான் இப்படிப் பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

என் பெயர் வீரராகவன். கல்கத்தா ஆஸ்பத்திரிகளுக்கு ஈ.சி.ஜி. காகிதம் விற்கிற உத்தியோகம். ஊரார் இதயமெல்லாம் என் காகிதத்தில்தான் துடிக்கிறது. என் இதயம் துடிப்பது காபிக்கு. அதற்குத்தான் பெஹாலாவில் இருக்கிற எங்கள் டாக்டர் வேட்டு வைத்தார். வயிற்றில் புண்ணாம். காலையில் ஒரே ஒரு காபி, அதோடு சரி என்றார். என் மனைவி ஷியாமளா அங்கேயே சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். ஒளித்து ஒரு வாய் குடித்தது தெரிந்தாலும் காலைக் காபியும் நின்றுவிடும், அப்புறம் பார்லிதான்.

என்னைக் காப்பாற்றியது லோட்ஷெட்டிங். நாங்கள் குடியிருக்கிற லேக் கார்டன்ஸில் சாயங்காலம் கரண்ட் போனதும் ஷியாமளா விசிறியோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவாள். அங்கே மேல்வீட்டு பௌதி காத்திருப்பாள். இந்த ஊரில் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் பௌதிதான், நம்மூர் மன்னி மாதிரி. அந்த அம்மாளுக்கு டீதான் உயிர். எங்கள் காபியைக் கஷாயம் என்பாள். அவர்கள் மேலே காற்று வாங்க, நான் கீழே இருட்டில் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் காபி கலப்பேன். ஊரே கரண்ட்காரனைத் திட்டும்போது நான் ஒருவன்தான் அவனை வாழ்த்தினேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குறைந்த டிகாக்ஷனில் தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டிவிடுவேன். பகலில் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கிற வழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது.

ஒரு நாள் ஓரம் நசுங்கிய அகலமான காகித ரோல் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விற்க முடியாது, எறியவும் மனசில்லை. மையே இல்லாமல் இதில் எப்படிக் கோடு விழுகிறது என்று ஷியாமளா கேட்டாள். கல்யாணமான நாளாக என் உத்தியோகத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடியில் கறுப்பு, மேலே மெழுகு மாதிரி வெள்ளைப் பூச்சு, மெஷினில் பேனாவுக்குப் பதில் சூடான ஊசி, ஊசி பட்ட இடத்தில் பூச்சு உருகிக் கறுப்பு தெரியும், நெஞ்சு துடிக்கிறபடி ஊசி ஏறி இறங்கும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். கோட்டில் கடுகத்தனை பள்ளம் இருந்தாலும் டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்றும் பீற்றிக்கொண்டேன்.

"ஊசிதான் வேணுமா? வேற சூடு பட்டாலும் கறுக்குமா?"

"எந்தச் சூடும் போதும். ஏன், நகத்தால கீறினாலே கறுக்கும்."

"அப்புறம் வெளுக்காதே?"

"ஜன்மத்துக்கும் வெளுக்காது."

வீணாகப் போவானேன், அலமாரியில் விரிக்க ஆகும் என்று ரோலை வாங்கி வைத்துக்கொண்டாள். என்ன சிக்கனம் என்று உள்ளூர மெச்சினேன். அசடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி வரவில்லை. காகிதம் வந்தது. அலமாரியில் அல்ல, ஸ்டவ் பக்கத்தில் மேடையில் விரித்திருந்த காகிதம். அதில் வரிசையாகக் கறுப்பு வளையங்கள்.

"ஏன்னா, இது என்ன?"

"எலி பிராண்டியிருக்கும். நகம் பட்டாலே கறுக்கும்னு சொன்னேனே."

"எலி வட்டமா பிராண்டுமோ?"

அவள் உள்ளே போய் என் டம்ளரைக் கொண்டுவந்தாள். அதன் அடி விளிம்பில் ஒரு நசுங்கல் உண்டு. மாற்றித் தொலையுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கை பழகிய டம்ளர் என்று நான்தான் விடவில்லை. அதை வளையத்தின் மேல் வைத்துத் திருப்பினாள். நசுங்கல் இருந்த இடத்தில் வளையத்திலும் நசுங்கல். எல்லா வளையத்திலும்.

டிகாக்ஷன் தண்ணியாக இருக்கும்போதே சந்தேகப்பட்டாளாம். அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்களுக்கு இல்லாத காபி எனக்கு மட்டும் எதுக்கு? நானும் விட்டுடறேன்" என்றாள். விருந்தாளிக்கு என்று பொடி டப்பா பரண்மேல் ஏறியது.

அதிலிருந்து மனசே சரியில்லை. லேக் மார்க்கெட்டில் காபிக்கடை மூக்கையா கொட்டை வறுக்கிற வாசனை வந்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறேன். என் காபி போனதைவிட, என்னால் அவள் காபியும் போயிற்றே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. அவளும் என்னோடு பார்லி குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் பாவி, பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நேற்று தலைவலி என்று மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தால், கமகமவென்று காபி வாசனை. மேடையில் மிச்சக் காகிதம். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வளையம், நசுங்கல் இல்லாத முழு வட்டம். தொட்டியில் இரண்டு டம்ளர். ஒன்றின் விளிம்பில் பௌதியின் வெற்றிலைச் சிவப்பு. கஷாயமாமே, கஷாயம்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனக்கண்ணில் என் காலைக் காபி கையெட்டும் தூரத்தில் ஆவி பறக்க நின்றது. காகிதத்தை உருவிக்கொண்டு கூடத்துக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்த ஷியாமளாவின் முன்னால் விரித்தேன்.

"இது என்னடி?"

நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். மடிப்பு கலையவில்லை.

"எலிதான். உங்க பேச்சைக் கேட்டுண்டு வட்டமா பிராண்டக் கத்துண்டுடுத்து. பார்லி மூடி வெச்சிருக்கேன், ஆறறதுக்குள்ள குடிங்கோ."