வாயசைக்காத எலி

பதினோரு மணி ஆகியும் எலி எதையும் மெல்லவில்லை.

மூன்று மணிக்கு வெளித்தேர்வாளர் வந்துவிடுவார். ‘கொறிவிலங்குகளின் தாடைத் தசைகள்’ என்ற பெனிஷின் முதுகலை ஆய்வுக்கு, எலி மெல்லும் ஒரு நிமிட வீடியோ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடமும் இதே நாகர்கோவில் கல்லூரி, இதே ஆய்வகம், பக்கத்தில் ஜூனியர் ஜின்சி. “அண்ணா, இடம் பிடிச்சு வைக்கட்டா?” என்று அவள் இப்போதே கேட்டுவிட்டாள்.

பெனிஷ் விஷயம் தெரியாதவன் அல்ல. கொறிக்கும்போது எலியின் கீழ்த்தாடை முன்னே போகும், மெல்லும்போது பின்னே வரும், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. தோலுரித்த படத்தில் எந்தத் தசையைத் தொட்டாலும் பெயர் சொல்வான். தோலோடுதான் அவ்வளவு பழக்கமில்லை.

கல்லூரியின் வெள்ளை எலியை, கேமரா கோணம் பார்க்கக் கூண்டைத் திறந்து, நேற்றே பறிகொடுத்தாயிற்று. இது பூதப்பாண்டி ஊரில், அவன் வீட்டில் பொறி வைத்துப் பிடித்தது.

பெருக்க வந்த ராகேல் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“என்ன நாத்தம்டே மக்கா?”

“கருவாட்டுச் சாக்குக்குப் பக்கத்துல கெடந்த பொறில்லாக்கா.”

“அதில்லடே, இது வந்து...”

“ராகேலு, ரிசர்ச் நடக்கு. கொஞ்சம் வெளிய நில்லும்மா” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர் யேசுரத்தினம்.

அவள் வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே போய் நின்றாள்.

பேராசிரியர் கூண்டருகே குனிந்தார். “மூஞ்சி என்னடே இப்பிடி நீண்டு கெடக்கு?”

“நேத்தையிலேருந்து பட்டினி சார். மெலிஞ்சிட்டு.”

அவர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

பெனிஷ் தேங்காய்ச் சில்லைப் போட்டான். அது முதுகைத் திருப்பிக்கொண்டது. முந்திரிப்பருப்பை மோந்துகூடப் பார்க்கவில்லை. பேராசிரியர் தன் மதியச் சாப்பாட்டிலிருந்த மரச்சீனிக் கிழங்கைத் தியாகம் செய்தார். அதன்மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

“கூச்சம்டே அதுக்கு. நாம தின்னா பாத்துத் திங்கும். நீ மெல்லு.”

பெனிஷ் கூண்டின் முன் மண்டியிட்டுக் காய்ந்த கிழங்கு வற்றலை மென்றான். ஒரு மணி நேரம் மென்றான். ஒன்றரை மணிக்கு அவன் தாடை முன்னே போய் நின்றது, பின்னே வரவில்லை. எந்தத் தசை பிடித்திருக்கிறது என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

“சா... ஆ...”

“சத்தம் போடாதடே, ரெக்கார்டு ஓடுது” என்ற பேராசிரியர், மாணவனைக் கைவிடக்கூடாதென்று தானும் மண்டியிட்டு ஒரு பிடி வற்றலை வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டே முக்காலுக்கு வாளியோடு உள்ளே வந்தாள் ராகேல். கூண்டைப் பார்த்தாள். அதன் முன்னால் வாய் கோணிய ஒருவனையும் மென்றுகொண்டிருந்த ஒருவரையும் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

“சாரே, மூஞ்சூறு எலி சாதியே இல்ல, பூச்சிதான் திங்கும்னு வருசாவருசம் கிளாசுல நீங்கதான சொல்லுவிய? பின்ன ரெண்டு பேருமா இதுக்கு எதுக்குத் தேங்கா குடுக்கிய?”