பிரேக் இன்ஸ்பெக்டர் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு பல்பு மாத்தினேன்

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கார் பின்பக்க லைட்டுக்குப் பல்பு மாத்தணும். அவ்வளவுதான்.

எண்பதுகளோட ஆரம்பம் அது. காரைக்கால் கோவில்பத்துல குடியிருந்தோம். நான், என் சம்சாரம் மங்கை, என் தங்கச்சி வசந்தா. நான் ஆபீஸ்ல குமாஸ்தா, வசந்தா ஸ்கூல் டீச்சர். கோட்டுச்சேரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நெலம் உண்டு. ஒரு வருஷம் அதுல நெல்லு நல்லா விளைஞ்சுது. உடனே எனக்குக் கார் ஆசை வந்துடுச்சு.

பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன்ல உக்காந்திருந்த சொல்தா ஒருத்தர்கிட்ட ஒரு பழைய அம்பாசிடரை வாங்கினேன். சாவியைக் குடுக்கும்போது மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். பிரியற வருத்தம்னு நெனச்சேன். சந்தோஷம்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

அந்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வசந்தாவைப் பொண்ணு பாக்க மாயவரத்துலேருந்து வர்றதா இருந்தாங்க. மாப்பிள்ளைக்கு பேங்க்ல வேலை. நல்ல குடும்பம்னு எல்லாரும் சொன்னாங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் ஏதேதோ காரணத்துல தட்டிப் போயிருந்துச்சு. இது எப்படியாவது அமையணும்னு வீட்டுல எல்லாருக்கும் ஒரு பதட்டம். நான் என் பங்குக்கு, பொண்ணு பாத்து முடிஞ்சதும் எல்லாரையும் எங்க கார்லயே திருநள்ளாறு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்பியிருந்தேன். கார் இருக்குன்னு தெரியட்டுமேன்னுதான்.

காலைல காபி குடிக்கும்போது மங்கை ஒரு விஷயத்தைச் சொன்னா. மாப்பிள்ளையோட அப்பா பிரேக் இன்ஸ்பெக்டராம். அதாவது வண்டிய சோதிச்சு ஓடலாம், ஓடக் கூடாதுன்னு சொல்றவர். லைசென்ஸ் கேட்டா எட்டு போடச் சொல்றவர்.

எனக்குக் காபி உள்ள எறங்கல. என் கார்ல பின்பக்கம் ரெண்டு லைட்டும் எரிஞ்சு பல மாசம் ஆச்சு.

அப்புறம் கொஞ்சம் தைரியம் வந்துச்சு. அவர் தமிழ்நாடு, நாம பாண்டிச்சேரி. அவர் அதிகாரம் எல்லாம் பார்டரோட சரின்னு சொன்னேன்.

"அதிகாரம் பார்டர்ல நிக்கும். கண்ணு நிக்குமாங்க?"ன்னா மங்கை.

மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னா. வீட்டுல பல்பு ஃபியூஸ் போனா மெக்கானிக்கையா கூப்பிடறோம், கழட்டி மாட்டறதுக்கு ஆள் எதுக்குன்னு நான் கேட்டேன். அவ காபி டம்ளரை எடுத்துக்கிட்டா. இன்னொரு விஷயத்தை மட்டும் சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. வசந்தா கார் ஓட்டுவான்னு வந்தவங்ககிட்ட உளறிடாதீங்க, மாப்பிள்ளையோட அம்மா என்ன நெனைப்பாங்களோ தெரியாதுன்னா. வசந்தா என்னை விட நல்லா ஓட்டுவா. அதனாலயே நானும் வெளிய சொல்றதில்ல.

கடைத்தெருவுல ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். ஞாயித்துக்கிழமைங்கிறதால பாதிக் கதவுதான் தெறந்திருந்துச்சு. பின்பக்க லைட்டுக்குப் பல்பு வேணும்னு கேட்டேன். கடைக்காரர் சிங்கிளா டபுளான்னு கேட்டார்.

எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. டீக்கடையில கேட்டா சொல்ற மாதிரி, சிங்கிளே போதும்னேன். ரெண்டு பல்பு வாங்கிட்டு வந்துட்டேன்.

பின்னால ஒருத்தர் வெளக்கம் சொன்னார். அந்த லைட்டுக்குள்ள ஒரே பல்புல ரெண்டு இழை இருக்கணுமாம். ஒண்ணு ராத்திரி எப்பவும் எரியறதுக்கு, இன்னொண்ணு பிரேக் போட்டா எரியறதுக்கு. ஒத்தை இழை பல்பை அதுல திணிச்சா ரெண்டு ஒயரும் ஒண்ணாப் போயி, பிரேக்கை மிதிச்சா முன்பக்க லைட்டும் சேந்து எரியுமாம். இதெல்லாம் அன்னிக்கு யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். வலது பக்கத்து சிவப்பு மூடி ஸ்க்ரூ ஒழுங்கா வந்துடுச்சு. பெருமையா இருந்துச்சு. இடது பக்கத்து ஸ்க்ரூ கடல் காத்துல துருப்பிடிச்சு அப்படியே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. தேங்காண்ணெய் விட்டுப் பாத்தேன். சுத்தியால லேசாத் தட்டிப் பாத்தேன். அப்புறம் லேசா இல்லாம தட்டினேன்.

ஸ்க்ரூ அப்படியே இருந்துச்சு. சிவப்பு மூடி மட்டும் நாலு துண்டாக் கீழ விழுந்துச்சு.

ஒரு வகையில நல்லதுதான். ஸ்க்ரூவைக் கழட்டாமலே பல்பு கைக்கு எட்டுச்சு.

ஆனா சிவப்புக்கு என்ன பண்றது? வசந்தா ஸ்கூல் டான்ஸுல லைட்டுக்கு முன்னாடி பிடிக்கறதுக்கு கலர் கண்ணாடித்தாள் வெச்சிருப்பா. சிவப்புத் தாளை அவகிட்ட கேட்டேன். எதுக்குன்னு கேட்டா. சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு எடுத்துக் குடுத்தா. அதை ரெண்டா மடிச்சு கோந்து போட்டு ஒட்டினேன். தூரத்துலேருந்து பாத்தா அசல் மாதிரியே இருந்துச்சு. கிட்டத்துல வந்தா மிட்டாய் சுத்தின மாதிரி இருந்துச்சு. இன்ஸ்பெக்டரைத் தூரத்துலயே நிக்க வெச்சுடலாம்னு முடிவு பண்ணிக்கிட்டேன்.

புது பல்பு ஓட்டையில சரியா உக்காரல. முரண்டு பிடிச்சுது. அமுக்கித் திருகினேன். உள்ள போயிடுச்சு.

இப்ப எரியுதான்னு பாக்கணும். இங்கதான் சிக்கல். பிரேக் பெடல் முன்னாடி இருக்கு, லைட்டு பின்னாடி இருக்கு. பெடலை மிதிச்சா லைட்டைப் பாக்க முடியாது, லைட்டைப் பாக்கப் போனா பெடல் மேல வந்துடும். மங்கையைக் கூப்பிட்டா மாவு கையோட வர முடியாதுன்னுட்டா. வசந்தா தலைக்குக் குளிக்கப் போயிருந்தா.

மூளையைக் கசக்கினேன். பின்கட்டுல அம்மிக்குழவி கண்ணுல பட்டுச்சு.

குழவியைத் தூக்கிட்டு வந்து, சாவியைத் திருகி, பிரேக் பெடல் மேல நிறுத்தி, சீட்டோட முட்டுக் குடுத்தேன். பெடல் அழகா உள்ள போச்சு. ஓடிப் போயி பின்னாடி பாத்தேன். ரெண்டு லைட்டும் செவ்வரளிப் பூ மாதிரி எரிஞ்சுது. எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு. ஒரு தடவை சுத்தி வந்து பாத்திருந்தா முன்னாடி எரியற லைட்டும் தெரிஞ்சிருக்கும். நான் பின்னாடியே நின்னு ரசிச்சுக்கிட்டிருந்தேன்.

அந்த நேரம் பாத்து மங்கை உள்ளேருந்து சத்தம் குடுத்தா. பூ வாங்கணும், பால் வாங்கணும், வாழைப்பழம் வாங்கணும். சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

திரும்பி வந்தா வீட்டுல ஒரே கலவரம். அம்மிக்குழவியைக் காணோம்.

பஜ்ஜிக்குச் சட்டினி அரைக்கணும். தேங்கா துருவி அம்மி மேல வெச்சிருக்கு. குழவி இல்ல. மங்கை வீட்டைத் தலைகீழாப் பொரட்டிட்டா. கல்லைப் போயி எவன் திருடுவான்னு வசந்தா கேட்டா. நானும் கூடவே தேடினேன். சத்தியமாச் சொல்றேன், கட்டிலுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு தேடினேன். பட்டப்பகல்ல குழவி திருடற காலமாயிடுச்சேன்னு வருத்தப்பட்டதும் நான்தான். கடைசியில மங்கை பக்கத்து வீட்டு அம்மியில அரைச்சுக்கிட்டு வந்தா.

சாயங்காலம் அவங்க வந்துட்டாங்க. மாப்பிள்ளை, அம்மா, அப்பா. மாப்பிள்ளை அமைதியான ஆளு, ஒல்லியா இருந்தார். அம்மா எதைக் குடுத்தாலும் நல்லாருக்குன்னாங்க. அப்பாதான் இன்ஸ்பெக்டர். பெரிய மீசை. பஜ்ஜியைக் கூடத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் வாயில போட்டார்.

எல்லாம் நல்லாத்தான் போச்சு. வசந்தா வந்து காபி குடுத்தா. மாப்பிள்ளை ஒரு தடவை நிமிந்து பாத்தார். அவர் அம்மா ஸ்கூலப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டாங்க. பொழுது சாயறதுக்குள்ள கோயிலுக்குக் கெளம்பலாமான்னு நான் கேட்டேன். எல்லாரும் எழுந்து வாசலுக்கு வந்தோம்.

இன்ஸ்பெக்டர் நேரா கார்கிட்ட போனார். நான் தடுக்கறதுக்குள்ள டிரைவர் பக்கத்துக் கதவைத் தெறந்துட்டார். தெறந்தவர் அப்படியே நின்னார்.

"தம்பி, இது என்னங்க?"

பெடல் மேல அம்மிக்குழவி உக்காந்திருந்துச்சு.

எனக்கு அப்பத்தான் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. பிரேக்குக்கு ஒரு சப்போர்ட்டுக்காக வெச்சிருக்கேன் சார்னேன். முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பார்ட்டைப் பாத்ததில்லைன்னார் அவர். எனக்குப் பின்னாடி நின்ன மங்கை முன்னாடி வந்தா. குனிஞ்சு குழவியை எடுத்து இடுப்புல வெச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. அவ நடந்த நடையே போதும்.

வண்டியில ஏறி ஸ்டார்ட்டரை இழுத்தேன். மூச்சே இல்ல. காலைலேருந்து லைட்டு எரிஞ்சு எரிஞ்சு பேட்டரி செத்துப் போயிருந்துச்சு.

தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். இன்ஸ்பெக்டர் வேட்டியை மடிச்சுக் கட்டினார். மாப்பிள்ளை சட்டைக் கையைச் சுருட்டினார். நான் ஸ்டியரிங்ல உக்காந்தேன். எங்க தெருவுல மணல் ஜாஸ்தி. பொண்ணு பாக்க வந்தவங்க ரெண்டு பேரும் மூச்சிரைக்கத் தள்ளறாங்க, வண்டி நகர மாட்டேங்குது. தெருவுல ஜன்னல் எல்லாம் ஒண்ணொண்ணாத் தெறந்துச்சு.

கொஞ்ச தூரத்துலயே இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொல்லிட்டார். இருக்கறதுலயே கனமான ஆளு நீங்கதான், நீங்க எறங்கித் தள்ளினா வண்டிக்கும் பாரம் கொறையும், தள்ளவும் ஆள் கெடைக்கும்னார். நியாயம்தான். சார், அப்ப நீங்க உக்காருங்களேன்னேன்.

"நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சா இந்த வண்டிய பாஸ் பண்ணின மாதிரி ஆயிடும் தம்பி. மாட்டேன்."

மாப்பிள்ளையைப் பாத்தேன். அவர் தரையைப் பாத்தார். அவருக்கு லைசென்ஸ் இல்லையாம். டெஸ்ட்டுக்குப் போனாராம், எட்டு போடத் தெரியலைன்னு அப்பாவே பெயில் பண்ணிட்டாராம்.

எல்லாரும் நடுத்தெருவுல நின்னோம். அந்த அம்மா வாசல்லேருந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. இந்த எடமும் போச்சுன்னு எனக்கு நிச்சயமாயிடுச்சு. நான் பண்ணின காரியத்துக்கு வசந்தா மாட்டிக்கிட்டாளேன்னு இருந்துச்சு.

அப்ப வசந்தா படியெறங்கி வந்தா. பட்டுப்புடவைத் தலைப்பை இழுத்து இடுப்புல செருகிக்கிட்டா.

"எறங்குங்கண்ணே. நான் உக்காந்துக்கறேன்."

நான் வாசலுக்குத் திரும்பி வந்திருந்த மங்கையைப் பாத்தேன். மங்கை வேற பக்கம் பாத்தா. எறங்கினேன்.

மூணு பேரும் தள்ளினோம். வசந்தா கியரைப் போட்டு, வேகம் வர்ற வரைக்கும் பொறுமையா இருந்து, சரியான நேரத்துல கிளட்சை விட்டா. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி, பொகையை எங்க மூணு பேர் மூஞ்சியிலயும் விட்டுட்டுக் கெளம்பிடுச்சு. தெருக்கோடி வரைக்கும் போனா. அந்தக் குறுகல் எடத்துல ஒரே மூச்சுல திருப்பி எடுத்துக்கிட்டு எங்க முன்னாடி வந்து பிரேக் போட்டா.

பிரேக் போட்டதும் முன்னாடி லைட்டெல்லாம் எரிஞ்சுது. காலை எடுத்தா அணைஞ்சுது. இன்ஸ்பெக்டர் பின்பக்கம் போனார். நானும் போனேன். வலது பக்கம் சிவப்பா எரிஞ்சுது. இடது பக்கம் பல்பு சூட்டுல கண்ணாடித்தாள் சுருங்கிக் கருகி ஒரு ஓரமா ஒட்டிக்கிட்டிருந்துச்சு. பல்பு வெள்ளையா எரிஞ்சுது.

"எதிர்ல வர்றவனும் வண்டி வருதுன்னு ஒதுங்குவான், பின்னாடி வர்றவனும் வண்டி வருதுன்னு ஒதுங்குவான். உங்க வண்டி எந்தப் பக்கம்தான் போவுது தம்பி?"

நான் கருகின தாளை மெதுவாப் பிச்சு எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்.

அதுக்குள்ள மாப்பிள்ளை டிரைவர் பக்கத்து ஜன்னல்கிட்ட போயிட்டார். வந்ததுலேருந்து அவர் பேசின மொத பேச்சு அதுதான்னு நெனைக்கிறேன். எட்டு போடத் தெரியுமாங்கன்னு வசந்தாவைக் கேட்டார். தெரியும்னா அவ. எனக்குக் கத்துத் தர முடியுமான்னு கேட்டார். வசந்தா சிரிச்சுட்டா. அந்த அம்மாவும் வாசல்ல நின்னு சிரிச்சாங்க. பொண்ணு தைரியமா இருக்கான்னு மங்கைகிட்ட அவங்க சொன்னது என் காதுல விழுந்துச்சு.

கோயிலுக்கு பஸ்ல போனோம். தரிசனம் முடிஞ்சு திரும்ப வீட்டுக்கு வந்து உக்காந்ததும், எங்களுக்குப் பூரண சம்மதம்னு இன்ஸ்பெக்டர் சொன்னார். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சீர் செனத்தி எப்படின்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கிட்டார்.

"எங்களுக்கு எதுவும் வேண்டாம். ஒரே ஒரு கண்டிஷன். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு உங்க காரைக் கொண்டு வந்துடக் கூடாது."

எல்லாரும் சிரிச்சாங்க. வசந்தா நிமிந்து உக்காந்து, ஜம்முனு சிரிச்சா.

அன்னிக்கு அந்தக் கூடத்துல தலை குனிஞ்சு உக்காந்திருந்தது பொண்ணோட அண்ணன் மட்டும்தான்.