துப்பாக்கிக்குச் சாவி தேடிய கதை

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வைக்க, என்னை ஒரு துப்பாக்கி மிரட்ட வேண்டியிருந்தது. அதுவரை எதைக் கேட்டாலும் "எஸ் சார்"தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், ஜொகூரில் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் தற்காலிகச் சின்னக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. அதே தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் சூசை மாமா இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். அவர் மகள் ரோஸை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. "முதல்ல வேலை நிரந்தரமாகட்டும், அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கலாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் துரைக்குப் பழைய துப்பாக்கி சேர்க்கும் பைத்தியம். ஒருநாள் ஒரு விசித்திரத்தை என் கையில் கொடுத்தார். மற்றத் துப்பாக்கிகளில் குதிரை என்கிற சுத்தி மேலே நின்று, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை அடிக்கும். இதற்கு அது அடிவயிற்றில் இருந்தது.

"கிராணி, இதோட லாக் எப்படி வேலை செய்யுது? நல்லா பாத்துப் படம் போடு. சரியா வந்தா உன் வேலை நிரந்தரம்."

"எஸ் சார்."

லாக் என்றால் பூட்டு. (பின்னே?) சுடுகிற பொறி முழுவதற்கும் துப்பாக்கிக்காரர்கள் வைத்த பெயர் அது என்று எனக்கு யார் சொன்னார்கள்? மூன்று நாள் சாவித் துவாரம் தேடினேன். கடைசியில் கேப்பு மாட்டுகிற குமிழில் ஒரு பொடித் துளை தெரிந்தது. அமெரிக்காவைக் கண்டுபிடித்தவனுக்குக்கூட அவ்வளவு பூரிப்பு இருந்திராது. மாமாவிடம் ஓடினேன்.

"மாமா, பூட்டு இருக்கு, சாவியக் காணோம்."

"அலமாக்! நான் திறக்காத பூட்டு இந்த ஜொகூர்லயே கிடையாது லா!"

சைக்கிள் கம்பியை ராவி, துளையில் நுழைத்து, திருகினார். 'டிக்' என்றது.

"திறந்துடுச்சா, மாமா?"

"ஒடைஞ்சுடுச்சு, தம்பி."

மாட்டிக்கொண்ட கம்பியை எடுக்க, கண்ணில் பட்ட திருகாணியை எல்லாம் கழற்றினோம். விசைக்குக் கீழே வளைந்திருந்த இரும்புப் பட்டையைத் தொட்டபோது துரை உள்ளே வந்தார். பட்டை துள்ளிப் பறந்து, அவர் தொப்பியைத் தட்டிவிட்டு, ரப்பர் பால் தொட்டியில் விழுந்தது. குதிரை உயிர் போனதுபோல் தொங்கியது.

வேலையும் போயிற்று, ரோஸும் போனாள் என்று அழுதேவிட்டேன். "சார், லாக்னா என்னன்னே எனக்குத் தெரியாது. சாவி தேடினேன்."

"சாவி செஞ்சது நான்தாங்க, துரை" என்றார் மாமா. அந்த நிமிடம் அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

துரை தொட்டியில் கைவிட்டுப் பட்டையை எடுத்தார். வளைத்தார், விட்டார், அது விண்ணென்று நிமிர்ந்தது. குதிரையை அடிக்க வைக்கும் வில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவரே வெகுநாளாக விழித்துக்கொண்டிருந்தாராம். தனி வில்லே கிடையாது! விரலைக் காக்கிற அந்தப் பட்டையேதான் வில்.

"இதான் நான் கேட்டது. படம் போடு, கிராணி" என்றார், வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி. கம்பியைப் பிறகு மாமாவே பதமாக எடுத்துவிட்டார். திங்கட்கிழமை என் வேலை நிரந்தரமாயிற்று.

கல்யாணத்தன்று கோயில் வாசலில், ரோஸின் கையை என் கையில் வைத்து, ஊரே கேட்கும்படி மாமா சொன்னார்: "தம்பி, இதுக்குச் சாவியே கிடையாது. தேடிக்கிட்டு என்கிட்ட வராதீங்க."

இன்றும் ரோஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நான் அடுப்படியையே சுற்றிச் சுற்றி வருவேன். பிள்ளைகள் விடமாட்டார்கள். "என்னப்பா, சாவி கிடைச்சுதா?"

உள்ளேயிருந்து முதலில் சிரிப்பது ரோஸ்தான்.