மண்ணை நம்பி வேலையை விடவேண்டாம்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். பயிர்களில் யாரும் நலமில்லை. அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; அதைவிட முக்கியமாக, அச்சகத்து வேலையை நீங்கள் இன்னும் விடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாதக் கடைசியில் ராஜினாமா கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்து விவசாயம் பார்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். எழுதி வைத்திருந்தால் கிழித்துப் போடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

நான் மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவன். எழுதியிருப்பதை நம்புவதுதான் என் தொழில். அதனால்தான் ஓய்வுபெற்று இந்த நிலத்தை வாங்கியதும், அக்கம்பக்கத்தார் பேச்சைக் காதில் வாங்காமல் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நான் தோண்டிக் கொடுத்தேன், உங்கள் அத்தை பையில் போட்டுக் கட்டினாள், நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்த முடிவைத்தான் உங்களுக்கும் எழுதினேன்: பொலபொலப்பான மண், கல் கிடையாது, உப்பு கிடையாது, எந்தக் காய்கறியும் வளரும். அதைப் படித்துவிட்டுத்தானே நீங்கள் துள்ளிக் குதித்தீர்கள்? நானும்தான் குதித்தேன். இந்த வயதில் அது எனக்குத் தேவையா?

முதலில் மேட்டுப் பக்கம் முள்ளங்கி போட்டேன். மண்வெட்டி வைத்த இடமெல்லாம் ணங்கென்று சத்தம், ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை, முள்ளங்கி பாவம் என்ன செய்யும், இறங்க வழியில்லாமல் பக்கவாட்டில் படுத்து வளைந்து நெளிந்து, பிடுங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் கதவுக் கொக்கி. சரி போகட்டும் என்று நடுவில் தக்காளி வைத்தேன், அங்கே களிமண், ஊற்றின தண்ணி உள்ளே போகாது, போனால் வெளியே வராது, நான் வேறு பழக்கதோஷத்தில் காலை, மதியம், இரவு என்று மருந்து மாதிரி மூணு வேளை ஊற்றித் தொலைத்தேன், வேர் அழுகி அத்தனை செடியும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. பயந்துபோய்த் தண்ணியை நிறுத்தினேன், மண் காய்ந்து வெடித்தது, வெடிப்பு என்றால் சின்ன வெடிப்பு இல்லை மாப்பிள்ளை, என் இடது கால் செருப்பு உள்ளே போனது போனதுதான். பள்ளத்துப் பக்கமாவது கைகொடுக்கும் என்று வெங்காயம் போட்டேன். ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், நிலமெல்லாம் வெள்ளை! யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்டார்கள் என்று பக்கத்துச் செங்கல் சூளைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அந்த மனுஷன் நிதானமாக வந்து, குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புங்க. அடியில இருந்து தானா மேல வருது. இந்த வட்டாரமே இப்படித்தான். மேட்டுல கல்லு, நடுவுல களி, பள்ளத்துல உப்பு. ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் நல்லா வரும்."

"என்னது?" என்றேன் ஆவலாக.

"செங்கல்," என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் நேராகப் போய் மண் பரிசோதகரைக் கையோடு கூட்டிவந்தேன். பொறுமைசாலி. மூன்று பக்கமும் தோண்டினார், மண்ணை நனைத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார், பிறகு நோயாளியின் உறவினரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க அனுப்பினது இந்த மண்ணுதானா?"

"பின்னே, கடையில வாங்கியா அனுப்புவேன்?"

"அதுல ஒரு கல்லுகூட இல்லையே?"

நிலத்தை ஒட்டிய சமையலறை ஜன்னலிலிருந்து உங்கள் அத்தையின் குரல் வந்தது: "எப்படி இருக்கும்? நான்தான் பொறுக்கிட்டேனே!"

மாப்பிள்ளை, நான் தோண்டிக் கொடுத்த மண்ணை அவள் கல் பொறுக்கி, கட்டி உடைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, அதுவும் போதாதென்று தன் ரோஜாத் தொட்டி மண்ணை முக்கால் பங்கு கலந்து கட்டியிருக்கிறாள். ஏம்மா இப்படிப் பண்ணீங்க என்று பரிசோதகர் கேட்டதற்கு, "நாலு பேர் பார்க்கிற இடத்துக்கு அந்தக் கண்றாவியை அப்படியே அனுப்பச் சொல்றீங்களா? போட்டோ எடுக்கப் போறவங்க முகம் கழுவிட்டுப் போறதில்லையா?" என்று அவரையே மடக்கினாள். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஆகமொத்தம் உங்களைத் துள்ள வைத்த நற்சான்று நம் நிலத்துக்குக் கிடைத்தது அல்ல, ரோஜாத் தொட்டிக்குக் கிடைத்தது. ஒரு தொட்டியை நம்பி மூன்று பேர் பிழைக்க முடியாது.

நாங்கள் எப்படியோ காலத்தை ஓட்டிவிடுவோம். சாயங்காலம் ஆனால் ஆளுக்கொரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த வெடிப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். பேத்திக்கென்று ஒழித்து வைத்த அறையைச் சாத்திவிட்டேன். திறந்திருந்தால் உங்கள் அத்தை அங்கேயே போய் நின்றுகொள்கிறாள். நீங்கள் எல்லாரும் வரவேண்டும் என்று எங்களுக்கு எவ்வளவு ஆசை என்பதை எழுதினால் நீங்கள் வந்துவிடுவீர்கள், ஆகையால் அதை எழுதவில்லை. இருப்பதை விட்டுவிட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகாதீர்கள். இங்கே பறப்பது புழுதி மட்டும்தான்.

மகளுக்கு என் ஆசி. பேத்திக்கு முத்தம். உங்கள் முதலாளிக்கு என் பணிவான வணக்கம். அவர் நீடூழி வாழ்ந்து உங்களை நீடூழி வேலை வாங்கட்டும்.

இப்படிக்கு,
எந்தச் சீட்டையும் இனி நம்பாத
உங்கள் மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் லாரிச் சத்தம். எட்டிப் பார்த்தால் உங்கள் கட்டில், உங்கள் பீரோ, அதைப் பிடித்துக்கொண்டு நீங்கள். முன்பக்கம் மகளும் பேத்தியும். மாதக் கடைசிவரை பொறுக்க முடியாமல் போன வாரமே வேலையை விட்டுவிட்டதாக மேலிருந்தே கத்திச் சொன்னீர்கள். இறங்கியதும் வீட்டுக்குள்கூட வராமல், குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, "எவ்வளவு நல்ல மண்ணு மாமா!" என்றீர்கள். "ஆமாம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கை கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். முதலில் வயிறாரச் சாப்பிடுங்கள். கடிதத்தை அப்புறம் தருகிறேன்.