பன்னிரண்டுக்கு எட்டு அடி முன்னேற்றம்

நெல் கொண்டுவரும் விவசாயிக்குக் கொள்முதல் நிலையத்தில் தடையின்றி வழங்கப்படும் ஒரே பொருள் காத்திருப்பு. குறுவை நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு, சாக்கு வரும்வரை ஊரார் நாங்கள் வானத்தையும் பட்டியல் எழுத்தர் மதிவாணனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். இந்தப் பொன்னான நேரம் வீணாவதை இடர்க்கால உள்வளர்ச்சி இயக்ககம் ஆழ்ந்த கவலையுடன் கவனித்தது. காத்திருப்போருக்கு அங்கேயே ஆளுமைப் பயிற்சி அளிக்க ஆணை பிறந்தது.

சாக்கு வரவில்லை. சென்னையிலிருந்து பயிற்றுநர் ஸ்ரீரஞ்சனி வந்தார். பயிற்சிக்குப் பந்தல் வேண்டுமே. நெல்லை மூடியிருந்த தார்ப்பாய்களை உருவிப் பந்தல் போட்டார்கள்.

தர்மாம்பாள் கையைத் தூக்கினார். குத்தகை நிலத்தில் விளைந்த அவருடைய எண்பது மூட்டை நெல் வெளியே திறந்து கிடந்தது.

"மேடம், மேகம் கறுத்துக்கிட்டு வருது. தார்ப்பாயைக் குடுத்தீங்கன்னா நெல்லை மூடிட்டு வந்து வளர்றேன்."

"வெளியே மழை பெய்யட்டும்மா. உங்களுக்குள்ளே பெய்யுதான்னு பாருங்க."

"எனக்குள்ளே பெஞ்சா பரவாயில்லைங்க. நெல்லுல ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல போனா இவர் எடுக்க மாட்டார்."

"பதினேழுங்கிறது நான் வச்சதில்லக்கா" என்றார் மதிவாணன்.

தர்மாம்பாள் பயிற்சிச் சுற்றறிக்கையை வாங்கிப் படித்தார். தேறுகிறவர்களுக்கு அவரவர் படம் போட்ட பிளக்ஸ் பரிசு என்றிருந்தது. முதல் நிலைக்கு மூன்றடிக்கு இரண்டடி. நான்காம் நிலைக்குப் பன்னிரண்டுக்கு எட்டு. எட்டிப் பார்த்து, தன் நெல் குவியலைக் கண்ணாலேயே அளந்தார். பிறகு அவர் வளர்ந்த வேகம் பயிற்றுநரையே திகைக்க வைத்தது. மூன்றே நாளில் நான்கு நிலை. "என் தடைகளே என் படிகள்" என்று மைக்கில் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அப்போது தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

அன்றைய மழையில் தர்மாம்பாள் பன்னிரண்டுக்கு எட்டு அளவில் நெல்லின் மேல் கைகூப்பிச் சிரித்தபடி படுத்திருந்தார். ஒரு நெல்மணிகூட நனையவில்லை. இதைப் பார்த்த ஊரும் மளமளவென்று வளர்ந்தது. அவருடைய கொழுந்தன் துரைராசு மட்டும் வகுப்பு முழுக்கத் தூங்கிவிட்டார்.

சாக்கு வந்தது. மதிவாணன் தர்மாம்பாளின் நெல்லை ஈரம் பார்க்கும் மெஷினில் போட்டுப் பார்த்தார். பதினாறு புள்ளி ஆறு.

"நெல்லு அருமையா இருக்குக்கா. நீங்கதான் சரியில்லை."

"எனக்கென்ன குறை?"

"குறையே இல்லை, அதான் சிக்கல். கம்ப்யூட்டர்ல உங்களை வெற்றியாளர்னு ஏத்திட்டாங்க. இங்க விவசாயிகிட்ட மட்டும்தான் வாங்கலாம்."

"அப்ப என்னைக் கீழ இறக்கி விடுங்க தம்பி."

"ஏத்துறதுக்குத்தான் பட்டன் இருக்கு."

ஊரில் விவசாயியாக மிஞ்சியவர் துரைராசு ஒருவரே. ஊர் நெல் அத்தனையும் அவர் பெயரில் போயிற்று. "தூங்காதே தூங்காதேன்னு அண்ணன் என்னை என்ன அடி அடிச்சார், அண்ணி" என்று அவர் தர்மாம்பாளிடம் வருத்தப்பட்டார்.

இடர்க்காலத்தில் தனியொருவர் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மூட்டை விற்றதை இயக்ககம் கவனிக்காமல் இருக்குமா? தேர்வே இல்லாமல் துரைராசுவுக்கு ஐந்தாம் நிலையும், முப்பதடி பிளக்ஸும் வழங்கப்பட்டன. அத்துடன் எங்கள் ஊரில் விவசாயிகள் தீர்ந்தார்கள்.

சம்பா அறுத்தோம். வாங்க ஆளிருந்தும் விற்க ஆளில்லாததால், வேலையின்றி இருந்த மதிவாணனையே பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். ஊர் நம்பிக்கை முழுதும் அவர் இமைகளின் மேல் இருந்தது. தர்மாம்பாள் ஒரு தூக்கு நிறையத் தயிர்சாதம் கொண்டுவந்தார். மூன்றாம் கவளத்திலேயே மதிவாணன் சாய்ந்துவிட்டார். கம்ப்யூட்டருக்கு, வளராதவர் விவசாயி. வேறு விளக்கம் அதனிடம் இல்லை.

ஊர் நெல் மதிவாணன் பெயருக்கு மாறியது. அவர் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, மெஷினில் போட்டுப் பார்த்தார். பதினேழு புள்ளி ஒன்று. பனிக்குப் பயந்து நாங்கள் பிளக்ஸ் போட்டு மூடியதில் நெல் உள்ளேயே புழுங்கியிருந்தது.

"தம்பி, இது உங்க நெல்லு" என்றார் தர்மாம்பாள்.

"அதனாலதான்க்கா முடியாதுங்கிறேன். என் நெல்லை நானே எடுத்துக்கிட்டா ஊர் என்ன பேசும்? காய வச்சுக் கொண்டாங்க."

காய வைக்க பிளக்ஸை எடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் மூலையிலும் இயக்ககத்தின் இயக்குநர் படம் இருந்தது. அகற்ற இனி எழுத்துமூலம் அனுமதி தேவையாம். மனு அனுப்பினோம். மறுநாளே பதில் வந்தது: அனுமதி பரிசீலனையில் உள்ளது, அதுவரை அனைவருக்கும் ஐந்தாம் நிலைப் பயிற்சி.

ஒருவர் பாக்கியில்லாமல் போய் உட்கார்ந்தோம். முதல் வரிசையில் மதிவாணன், கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு. முப்பதடி பிளக்ஸ் எத்தனை மூட்டையை மூடும் என்று தர்மாம்பாள் விரல் மடித்துக் கணக்குப் போட, நாங்களும் போட்டோம்.

வெளியே நல்ல வெயில்.