வலியனுப்பு விழா

பேனரைத் தரையில் விரித்த பிறகுதான் மனிஷாவுக்கு விஷயம் தெரிந்தது. ‘தேவப்ரசாத் ஐயர் அவர்களுக்கு வலியனுப்பு விழா’ என்று அச்சாகியிருந்தது.

அச்சடித்தவரைக் குறை சொல்ல முடியாது. கன்னடத்தில் ழ கிடையாது, அது ஒரு பக்கம். அவள் வாட்ஸாப்பில் அனுப்பியதே அப்படித்தான் இருந்தது, அது இன்னொரு பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ் என்று மைசூரிலேயே வளர்ந்தவள். தமிழில் எழுதச் சொன்னால் ல, ள, ழ மூன்றில் எது முதலில் கைக்கு வருகிறதோ அதைப் போடுவாள்.

சர்ச் மாதர் சங்கத்து மகேஸ்வரி எட்டிப் பார்த்தார். "அவருக்கு வலியை அனுப்பறோமாடி? இருக்கிற மூட்டுவலி போதாதா?"

"ஸ்வல்ப இருங்க ஆன்ட்டி, சரி பண்ணிடறேன்."

ஒரு வெள்ளைத் தாளில் ழி எழுதி ‘லி’யின் மேல் ஒட்டினாள். தாள் பெரிதாகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அந்த ழி மட்டும்தான் தெரிந்தது.

ஆராதனைக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. மணியடிப்பதிலிருந்து நாற்காலி போடுவது வரை கோயில் வேலை எல்லாம் பார்க்கும் பழனிமுத்து அப்போதுதான் வந்து நின்றார். கௌதள்ளிப் பக்கத்து ஆள், பேச்சு கொங்குத் தமிழ்.

"அம்முணி, உங்க மாமா டெம்போ வெச்சிருக்காருல்லீங்க. அவரு நம்பர் கொஞ்சம் வேணுங்க."

"அப்புறம் தர்றேன்ணா. மொதல்ல ஹால்ல சேர் போடுங்க."

விஷயம் தொடங்கியது போன ஞாயிறு. ஆராதனை முடிவில் போதகர் ஏதோ அறிவித்துக்கொண்டிருந்தார். அந்தச் சபையில் போதகரை எல்லோரும் ஐயர் என்றுதான் சொல்வார்கள். கடைசி பெஞ்சில் போன் நோண்டிக்கொண்டிருந்த மனிஷாவின் காதில் பாதிதான் விழுந்தது. "வர்ற ஞாயிறு கடைசி ஞாயிறு. நன்றியோட விடைகொடுப்போம். அதுக்கு அடுத்த வாரம் புதுசா ஆரம்பிக்கிறோம்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயர் போகிறார்.

இதற்கு முன்பு இருந்த ஐயருக்கு எதிராகச் சபையில் மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்த மனுஷன் ஒரு வாய் டீகூடக் குடிக்காமல் ஆட்டோ ஏறிப் போனார். அதைப் பார்த்தவள் மனிஷா. இந்த ஐயரும் அப்படிப் போகக்கூடாது, இந்தச் சபைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்ற நினைப்போடு போகவே கூடாது என்று முடிவு செய்தாள். வாலிபர் சங்கத்துச் செயலாளர் என்ற முறையில் ஐயரையும் அவர் மனைவி ஐயரம்மாவையும் விட்டுவிட்டு வாட்ஸாப்பில் தனி குரூப் ஆரம்பித்தாள். ஐயருக்குத் தெரியாமல் விழா நடத்தலாம் என்றாள். ஐந்து நிமிடத்தில் நாற்பது அழுமூஞ்சிப் படங்கள் வந்து குவிந்தன. ஐயரம்மா கறிவேப்பிலைத் தொட்டியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக மகேஸ்வரி எழுதினார். அதோடு சந்தேகம் தீர்ந்தது. மைசூர் பேட்டா தலைப்பாகை, சால்வை, அசோகா ரோட்டில் வாங்கிய சக்கரம் வைத்த பெரிய பெட்டி, அறுபது பேருக்குப் பிசிபேளே பாத் என்று எல்லாம் தயாராயிற்று.

மணி அடித்தது. ஆராதனை தொடங்கியது. ஐயர் பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"இன்னைக்கு என்ன நாள்? திருச்சபை ஆண்டோட கடைசி ஞாயிறு. அடுத்த வாரம் கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலம் ஆரம்பம். நமக்குப் புது வருஷம் ஜனவரியில பொறக்கறதில்ல, அட்வெந்துலதான் பொறக்குது. போன வாரமே சொன்னேன்."

மனிஷாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கடைசி ஞாயிறு ஐயருக்கு இல்லை, வருஷத்துக்கு. ஹாலிலோ பேனர் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயர் உள்ளே நுழைந்து அதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? போன ஐயருக்கு மனு எழுதினார்கள், எனக்கு பேனரே அடித்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

கறிவேப்பிலைத் தொட்டி நினைவுக்கு வந்தது. தொட்டி பெரிதாக இருந்திருக்கும், கொடுத்திருப்பார்கள், அஷ்டே, அவ்வளவுதான் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பிரசங்கம் முடியும் முன்பே நழுவி ஹாலுக்கு ஓடினாள். சமையல் பாத்திரங்களோடு நின்ற மகேஸ்வரியிடம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "ஆன்ட்டி, ஐயர் போகலை. வருஷம்தான் போகுது."

"எந்த வருஷம்டி?"

விளக்க நேரமில்லை. பெட்டியைச் சமையல்கட்டில் ஒளிக்கச் சொல்லிவிட்டு நாற்காலி மேல் ஏறினாள். ‘தேவப்ரசாத்’ மேல் ‘பழைய’ என்று எழுதிய ஒரு தாள், ‘ஐயர் அவர்களுக்கு’ மேல் ‘ஆண்டுக்கு’ என்று எழுதிய இன்னொரு நீளத் தாள் ஒட்டினாள். பழைய ஆண்டுக்கு வழியனுப்பு விழா. படித்துப் பார்த்தாள். தப்பே தெரியவில்லை.

பழனிமுத்து மறுபடி வந்தார். "அம்முணி, அந்த நம்பரு..."

"அண்ணா, கால்ல வேணா விழறேன். அப்புறம்."

அடுத்து சபைச் செயலாளர் நஞ்சுண்டசாமி. கோயில் வாசலில் அவரை மடக்கினாள். நான்கு பக்கத்துக்குப் பிரிவுரை எழுதி வைத்திருந்தார். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தவர். ஐயர் போகவில்லை என்று கேட்டதும் சந்தோஷப்படுவதற்குப் பதிலாக முகம் வாடிப்போனார்.

"நாலு பக்கம்மா. இதை என்ன பண்றது?"

"போகிறார்னு வர்ற எடத்துல எல்லாம் மாத்திக்குங்க அங்கிள். போதும்."

ஆராதனை முடிந்து சபை ஹாலுக்குள் வந்தது. ஐயரும் ஐயரம்மாவும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஐயர் பைபிளுக்குள்ளிருந்து மடித்த ஒரு தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்த வார அறிவிப்பாக இருக்கும் என்று மனிஷா நினைத்தாள். பேட்டா கட்டி, சால்வை போட்டார்கள். ஐயர் ஐயரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். ஐயரம்மா தரையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து யாரோ ஃபேனைப் போட்டார்கள். இரண்டாவது தாள் பறந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ‘பழைய ஐயர் அவர்களுக்கு வழியனுப்பு விழா’ என்று நின்றது.

யாரும் படிப்பதற்குள் பேச்சை ஆரம்பித்துவிடலாம் என்று நஞ்சுண்டசாமியைக் கையைப் பிடித்து மேடை ஏற்றினாள். அவர் சொன்னபடியே செய்தார். ‘போகிறார்’ என்ற சொல்லை மட்டும் மாற்றினார். மற்றதில் கை வைக்க மனசு வரவில்லை.

"அன்பான சபையாரே, நம் ஐயர் நம்மை விட்டுப் போகவில்லை. இந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஐயர் போகவில்லை என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. இந்தப் பேரிழப்பை நாம் எப்படித் தாங்கப்போகிறோம்?"

குரூப்பில் வந்ததை நம்பி அழுதுகொண்டிருந்த சனம் அழுகையைப் பாதியில் நிறுத்தியது. ஐயர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாம் பக்கத்தில் நஞ்சுண்டசாமி நிஜமாகவே கைக்குட்டையைத் தேடினார். மனிஷா மேடைக்குத் தாவி மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

ஐயர் எழுந்து நின்றார். "மனிஷா, நான் ஒண்ணு சொல்லணும்மா."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் ஐயா, எங்களுக்குத் தெரியும்," என்று அவள் சபைப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் கேளுங்க. கொழப்பம் என்னாலதான். ஐயர் எங்கயும் போகலை. பழைய வருஷம் போகுது, அதுக்குதான் இந்த விழா. ஐயர் இங்கதான் இருப்பாரு, அல்வா, சரிதானே? போன ஐயருக்கு நடந்தது இவருக்கு நடக்காது. ஐயர் நம்மளை விட்டுப் போகவே கூடாதுன்னு நெனைக்கறவங்க கை தூக்குங்க."

அறுபது கைகள் உயர்ந்தன. நஞ்சுண்டசாமி இரண்டு கையையும் தூக்கினார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. மகேஸ்வரி மேடைக்கு வந்து, குறைந்தது இன்னும் ஐந்து வருஷம் என்று ஐயரிடம் சத்தியம் கேட்டார். எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் ஐயரம்மாதான். இப்படி ஒரு பாசத்தை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார் என்று மனிஷாவுக்கும் கண் கலங்கியது.

அவள் மைக்கை ஐயரிடம் நீட்டினாள். அவர் அந்தத் தாளைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். தாளை நான்காக மடித்து அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எல்லாருக்கும் நன்றி," என்று மட்டும் சொன்னார்.

மனிஷா நிம்மதியாகப் பிசிபேளே பாத் இரண்டு தட்டு சாப்பிட்டாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பது மட்டும்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.

குழாயடியில் பழனிமுத்து அதே பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இப்பவாச்சும் உங்க மாமா நம்பரைக் குடுங்க அம்முணி. ஐயரு வீட்டுச் சாமானெல்லாம் நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு கோலாருக்கு ஏத்தோணும். மாத்தலாகி ஆர்டர் வந்து பத்து நாளாச்சுங்க, இன்னைக்கு எல்லாருகிட்டயும் படிச்சுச் சொல்லிப்போடறேன்னுதான் காயிதத்தைக் கையிலயே வெச்சிருந்தாரு, நீங்க சொல்ல உட்டாத்தானுங்களே."