பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு, பீட்டா வழியாக

கனவு காண்பவனை ஆள் அழைத்துவர அனுப்பக் கூடாது. இந்த உண்மையை என் குடும்பம் என்னை வைத்துத்தான் கற்றுக்கொண்டது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. (இருந்தது. அறுபது வருடத்தில் தேய்ந்துவிட்டது.)

மலாயா சுதந்திரம் பெற்ற புதிது. மலாக்காவில் காஜா பெராங் பக்கம் எங்கள் வீடு. எனக்குப் பத்தொன்பது வயது. சீனியர் கேம்பிரிட்ஜ் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். பொழுது போகவில்லை என்று ஒரு பழைய ஆங்கில அகராதியைக் கதைப்புத்தகம் போல முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். இரண்டாவது எழுத்துக்கு வந்ததும் பீட்டாவிடம் மாட்டிக்கொண்டேன்.

பீட்டா, கணக்கு வகுப்பில் முக்கோணத்தின் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்த கிரேக்க எழுத்து. ஆனால் அந்தப் பெயர் கிரேக்கர்களுடையதே இல்லையாம். அவர்களுக்கு முன்னால் கடலோரத்தில் வாழ்ந்த மக்களிடம் வாங்கியதாம். அவர்கள் மொழியில் அதற்கு ‘வீடு’ என்று பொருளாம். அன்று மத்தியானம் பாயில் படுத்து வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கோணத்தின் மூலையில் ஒரு வீடு. அதில் யாரோ விளக்கேற்றுகிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு எங்கள் வட்டாரத்து மொழிகளிலெல்லாம் அந்தப் பெயரைத் தேட ஆரம்பித்தேன். கிடைத்தது! இந்தியில் மகன். மலாயில் அரசர் மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்ளும் ‘நான்’. சலவைக் கடைச் சீனர் சொன்னபடி, ஹொக்கியனில் ‘இன்னும் காயவில்லை’. (உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னேதான். அதையெல்லாம் பார்த்தால் ஆராய்ச்சி செய்ய முடியுமா?)

இந்த நிலையில்தான் விசாலம் அக்காவைப் பெண் பார்க்க, சிரம்பானிலிருந்து ஒரு கணக்கு வாத்தியாரும் அவருடைய அம்மாவும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது.

அக்காவுக்கு இருபத்தைந்து வயது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் நான் பரீட்சை எழுதினேன். வாத்தியாரின் போட்டோவை அவள் தையல் மிஷின் டிராயரில், நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருந்தாள். பாபின் எடுக்கும்போதெல்லாம் டிராயர் தேவைக்கு மேல் திறந்தே இருக்கும். அவளுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது என்று வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

“மூணு மணிக்கு பஸ் வரும். ரெண்டு பெச்சா பிடிச்சு நேரா கூட்டிட்டு வா. நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னால அவுங்க உள்ள வந்து உக்காந்திருக்கணும். புரியுதா?” என்றார் அப்பா.

“பெச்சால பதினைஞ்சு நிமிசம்தானேப்பா.”

“வேற எங்கயும் நிக்காத. எதையும் யோசிக்காத.”

முதல் கட்டளையை என்னால் காப்பாற்றியிருக்க முடியும். இரண்டாவது என் சக்திக்கு மீறியது.

பஸ் சரியாக வந்தது. வாத்தியார் ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியோடு இறங்கினார். பெயர் ஞானசேகரன். அவருடைய அம்மா கனத்த பட்டுப்புடவையில், கையில் பழத்தட்டோடு இறங்கினார். மூன்று சக்கர ரிக்‌ஷா மிதிக்கும் பெச்சாக்காரர்கள் மணி அடித்துக் கூப்பிட்டார்கள். மழைக்கு முந்திய அந்த மங்கல் வெளிச்சத்தில் ஊரே தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன்.

“சார், பீட்டான்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“கோணம்” என்றார் அவர்.

“வீடு சார்!”

அவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியா?” என்றார். அந்த ‘அப்படியா’தான் என்னைக் கெடுத்தது. அதுவரை யாருமே என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

“பக்கம்தான் சார், நடந்தே போயிரலாம். வழியில மத்த அர்த்தமெல்லாம் காட்டுறேன்” என்றேன். பழத்தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒரு கிடங்கு வாசலில் கயிற்றுக் கட்டிலில் இருந்த பஞ்சாபி காவல்காரரிடம் கூட்டிப்போனேன். என்னைக் கண்டதும், “ஆவோ, பேட்டா!” என்றார். “பாத்தீங்களா சார், மகன்!” என்றேன். அவர் வாத்தியாரையும் பேட்டா என்றார். மகன்களைச் சும்மா அனுப்புவாரா? பால் காய்ச்சி டீ போட்டார். பால் பொங்கும்வரை நாங்கள் கிரேக்கத்தில் இருந்தோம்.

சலவைக் கடைக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. அம்மாவின் பட்டுப்புடவை முழங்கால்வரை நனைந்தது. ஒரு செருப்பின் வார் அறுந்தது. சலவைக்காரர் புடவையைப் பார்த்து, நான் கேட்காமலே அந்த வார்த்தையைச் சொன்னார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

“தம்பி, உங்க வீடு மலாக்காலதானே இருக்கு?” என்று கேட்டார் அம்மா.

கடைசியாகச் செட்டி கம்பத்து மாமா, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழ்ச் செட்டிகளின் வாரிசு. நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாரோங். தமிழ் வராது, மலாய்தான் பேசுவார். அந்த ‘நான்’ என்ற சொல்லை வாத்தியாருக்காக ஒருமுறை சொல்லிக் காட்டும்படி கேட்டேன். மாமா பதறி எழுந்து, “இத்து ராஜா சாஜா போலே சாக்காப்!” என்றார். அதை ராஜா மட்டும்தான் சொல்லலாமாம். புது நாட்டில் வீண் வம்பு வேண்டாம் என்று கதவை வேறு சாத்திக்கொண்டார். வாத்தியாரோ அந்தச் சாத்திய கதவையே ரசித்துக்கொண்டு நின்றார். வீடு, மகன், நான், இன்னும் காயவில்லை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். நானும் சொன்னேன். இரண்டு பேரும் ஈரத் தரையில் மிதந்துகொண்டு வந்தோம். பின்னால் ஒற்றைச் செருப்போடு அம்மா.

எங்கள் கேட் அருகே அப்பா நின்றிருந்தார். கையில் கடிகாரம். மணி நாலு நாற்பது.

வாத்தியாரின் அம்மா கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார்.

“ராகு காலத்துல பொண்ணு பாக்க நான் உள்ள வர மாட்டேன். அஞ்சரைக்கு பஸ். நாங்க கெளம்புறோம்.”

அப்பா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. உள்ளே கேசரி வாசனை அடித்தது. அப்போதுதான் நான் கனவிலிருந்து விழித்தேன். அந்த டிராயர் ஞாபகத்துக்கு வந்தது. எவ்வளவு பெரிய பாவி நான்! உலகத்து மொழிகளிலெல்லாம் வீட்டைக் காட்டியவன், காட்ட வேண்டிய ஒரே வீட்டுக்குள் அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

கதவு திறந்தது. அக்கா வந்தாள். தலையில் மல்லிகை, கையில் தட்டு, தட்டில் இரண்டு காப்பி. படியிறங்கி, சேற்றில் கால் வைத்து, நேராகக் கேட்டைத் திறந்து சாலைக்கே வந்துவிட்டாள்.

“உள்ள வரவேணாம். நனைஞ்சிருக்கீங்க, இங்கயே குடிங்க. காப்பிக்கு ராகு காலம் இல்லதானே?”

குரல் கணீரென்று இருந்தது. ஆனால் தட்டில் டம்ளர்கள் கடகடவென்று ஆடின. அது எனக்கு மட்டும் கேட்டது என்று அன்று நினைத்தேன்.

வாத்தியாரின் அம்மா அவளுடைய சேற்றுக் காலைப் பார்த்தார். பிறகு பழத்தட்டை என் கையில் திணித்துவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார். அக்கா வாத்தியார் பக்கம் திரும்பினாள்.

“இவன் பேச்சக் கேட்டா நடந்து வந்தீங்க?”

“ஆமாங்க.”

“இனிமே கேக்காதீங்க.”

சொன்னபிறகுதான் அவளுக்கே உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. ‘இனிமே’ என்றால் இனிமேலும் இவர்கள் ஒருவரையொருவர் பார்க்கப்போகிறார்கள் என்றுதானே அர்த்தம்? வாத்தியார் டம்ளரைப் பார்த்தபடி, “சரிங்க, இனிமே கேக்கல” என்றார். அம்மா பெரிதாக மூச்சு விட்டு, “சர்க்கரை கொஞ்சம் கம்மி” என்றார். அடுத்த தை மாதம் கல்யாணம்.

அவர்கள் மலாக்காவிலேயே புக்கிட் காதிலில் வீடு கட்டியபோது அத்தான் கேட்டில் பீட்டாவைப் பித்தளையில் அடித்து வைத்தார். அன்றிலிருந்து ஒரு சட்டம். நான் எப்போது போனாலும் முதல் காப்பி கேட்டுக்கு வெளியேதான். அத்தானின் அம்மா உயிரோடு இருந்தவரை அவரே கொண்டுவந்து, சர்க்கரை குறைத்துக் கொடுப்பார்.

போன வாரம் அக்காவின் பேத்தி மழையில் குடையோடு காப்பி கொண்டுவந்தாள். “தாத்தா, உங்களுக்கு மட்டும் ஏன் வெளில?” என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அவன்கிட்ட எதையும் கேக்காதடி! நீ உள்ள வர நாலு மணி நேரம் ஆகும்!”

ஜன்னலில் அவள் தலை நரைத்துப்போய் இருந்தது. கையில் தட்டின் மேல் டம்ளர் கடகடவென்று ஆடியது. இந்த முறை என் கை.